பட்டறைப் பதில்கள்: மாமா பாதியில் விட்ட பிக்கப்

கேள்வி: ஐயா, வணக்கம். என் தாய்மாமா முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்தார். 1967-இல் பதிவான மகிந்திரா எப்.சி.150 பிக்கப் ஒன்றை 2016-இல் வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டார். சேசிஸ், அச்சு ஹவுசிங், எஞ்சின் என்று ஒவ்வொன்றாகத் தயார் செய்து வந்தபோது கஜா புயலில் தென்னை சாய்ந்து, கொட்டகையோடு கேபின் கூரையும் நசுங்கியது. கொஞ்ச நாள் விட்டிருந்து மறுபடி ஆரம்பித்தார். இரண்டு வருடம் முன்னால் தவறிவிட்டார். இப்போது வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கிறது. எஞ்சின் அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கேபின் தனியாகச் செங்கல் மேல். போல்ட்டு நட்டெல்லாம் முப்பது நாற்பது சீவல் டின்களில். மாமா எழுதி வைத்த நோட்டை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. 'எஞ்சின் ரெடி, பேட்டரி போட்டால் ஓடும்' என்று மாமா சொன்னதாக அத்தை சொல்கிறார். எனக்கு பைக் கார்புரேட்டர் வரை கழற்றி மாட்டத் தெரியும். எங்கிருந்து தொடங்க? ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாமா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: தம்பி, பேட்டரி வாங்கிவிட்டீர்களா? வாங்கியிருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். கொட்டகைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்காது.

1984-இல் கும்பகோணத்தில் நான் தனியாகப் பட்டறை போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஜீப் எஞ்சின் மாட்டு வண்டியில் வந்து இறங்கியது. வேறொரு மெக்கானிக் ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, அடியில் இருக்கிற ஆயில் தொட்டியான சம்ப் வரைக்கும் மூடிவிட்டு, விசா வந்ததும் துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். "எல்லாம் முடிஞ்சுது, ஏத்தி ஓட்ட வேண்டியதுதான்" என்றார் சொந்தக்காரர். நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கேஸ்கெட் ஓரத்தில் பேஸ்ட் ஒரு சொட்டுக்கூடப் பிதுங்கவில்லை. அவ்வளவு சுத்தமான கை. நம்பி ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அப்புறம் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். நான் சுவிட்சை எட்டுவதற்குள் மூன்றாவது கனெக்டிங் ராடு பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. சூடான ஆயில் முழுக்க என் கைலியில்.

பிரித்துப் பார்த்தால், மற்ற மூன்று ராடுகளின் நட்டும் சரியாக முறுக்கியிருந்தது. அந்த ஒன்று மட்டும் பாதியில் நின்றிருந்தது: நட்டைக் கையால் திருகியதோடு சரி. அந்த நேரம் பார்த்து அவரை யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும். தூசி விழாமல் இருக்கட்டும் என்று சம்பை மூடியிருப்பார். நாளைக்கு வந்து முறுக்கலாம் என்று நினைத்திருப்பார்.

அவர் வேலை தெரியாதவர் இல்லை. அதுதான் விஷயம். அரைகுறை ஆசாமி விட்டுப் போன வேலையைப் பார்த்த உடனே நமக்குச் சந்தேகம் வந்துவிடும், எல்லாவற்றையும் பிரிப்போம். நன்றாக வேலை தெரிந்தவர் பாதியில் எழுந்து போன இடம்தான் ஆளைக் கவிழ்க்கும். உங்கள் மாமா சீவல் டின்னில் பிரித்துப் பிரித்துப் போட்டு வைத்தவர் என்கிறீர்கள். அப்படியானால் அவர் இரண்டாவது ரகம். அவர் மூடி வைத்ததையெல்லாம் நீங்கள் ஒருமுறை திறக்க வேண்டும். மாமா மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை; அவர் கை எந்த நட்டில் நின்றது என்று கண்டுபிடிக்க.

முதலில் டின்களுக்கு வாருங்கள். எதையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். ஒரு பழைய வேட்டியை விரித்து, ஒரு டின்னைத் திறந்து, கொட்டிப் பரப்பி, போனில் படம் எடுத்து, அதே டின்னில் திரும்பப் போடுங்கள். நோட்டுப் போனதற்கு வருத்தப்படாதீர்கள். பேரிங், வால்வு மாதிரிச் சாமான்களை மாமா கிரீஸ் தடவிச் செய்தித்தாளில் சுற்றித்தான் வைத்திருப்பார். எங்கள் தலைமுறைக்கு அதுதான் பழக்கம். கிரீஸில் ஊறிய தாளைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது, நான் பார்த்தவரையில். அந்தத் தாளில் தேதி இருக்கும். தேதி வாரியாக அடுக்கினால் 2016-இல் எதைச் செய்தார், புயலுக்கு அப்புறம் எதைத் தொட்டார், கடைசியாக எதைக் கையில் எடுத்தார் என்று கதை வரிசையாக வந்துவிடும். இரண்டு நாள் வேலை. ஸ்பானரையே எடுக்காமல் செய்கிற வேலை என்பதால் பொறுமை போகும். போகட்டும்.

அடுத்து எஞ்சின். உங்கள் வண்டியில் இருப்பது ஹரிக்கேன் என்கிற நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 2.2 லிட்டர். இதில் ஒரு விசித்திரம். உறிஞ்சும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். புகை போகிற வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். அதனால் டேப்பெட் இடைவெளி வைப்பதும் இரண்டு இடத்தில். மேலே 18 தவ், கீழே 16 தவ், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே மட்டும் வைத்துவிட்டுக் கீழே பக்கவாட்டு மூடியைத் திறக்காமலே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம், இந்த எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது. ஹெட் போல்ட்டுகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றினால், அதற்கு நேர் கீழே, காற்று போகிற வழிக்குள்ளேயே ஒரு போல்ட் ஒளிந்திருக்கும். கழற்றும்போது அதை மறந்தால் ஹெட் எழாது. நெம்புகோல் போட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. மாட்டும்போது மறந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் ஊதிவிடும். மாமா எவ்வளவு தூரம் போனார் என்று பார்க்க எனக்கு ஒரே ஒரு இடத்தைக் காட்டு என்றால், அதைத்தான் கேட்பேன். கார்புரேட்டரைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தப் போல்ட்டில், முறுக்கை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வையுங்கள். ஹெட்டுக்கு 60-லிருந்து 70 அடி-பவுண்டு. மற்றவை எல்லாம் 65-இல் 'டக்' என்று சொல்லி, இது மட்டும் சும்மா சுற்றினால், மாமா ஹெட்டை உட்கார வைத்த அன்றைக்கே வேலை நின்றிருக்கிறது. அப்போது கீழே எதையும் நம்ப முடியாது.

இது முறுக்காக இருந்தாலும் சம்பைக் கழற்றத்தான் வேண்டும். என் கைலிக்கு நேர்ந்தது உங்களுக்கு வேண்டாம். ராடு நட்டுகளுக்கு 35-லிருந்து 45, கிராங்க் மெயின் பேரிங் மூடிகளுக்கு 65-லிருந்து 75. முறுக்கிய ஒவ்வொன்றின் தலையிலும் பெயிண்டில் ஒரு பொட்டு வையுங்கள். இனி எந்த நாள் யார் வந்து கூப்பிட்டாலும், பொட்டு இல்லாத இடத்தில் நிறுத்தினீர்கள் என்று தெரியும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் வாடகைக்காவது எடுங்கள். 'கை அளவு தெரியும்' என்று உள்ளூர் மெக்கானிக் சொன்னால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறப் போடுங்கள். கையால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால் இப்போது பேட்டரிக்கு வேலை வந்துவிட்டது. பிளக் இல்லாமலே செல்ப் அடித்து, ஆயில் மீட்டர் முள் எழுகிறதா பாருங்கள். முள் எழுந்த பிறகுதான் பிளக், அதற்கப்புறம்தான் பெட்ரோல்.

பெட்ரோல் என்றதும் ஞாபகம் வருகிறது. டாங்கில் பழைய பெட்ரோல் இருந்தால் மோந்து பாருங்கள், வார்னிஷ் வாடை அடிக்கும். வெளியே கொட்டிவிட்டுக் கழுவுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1967 வண்டியின் ரப்பர் குழாய், பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரம், தக்கை கேஸ்கெட் எதுவும் அதற்காகச் செய்ததில்லை. மாமா 2016-இல் புதிதாகவே போட்டிருந்தாலும் அவை எத்தனால் தாங்குகிற ரகமா என்று தெரியாது, மாற்றிவிடுங்கள். எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்தில், கேபினுக்குள் இருக்கிற வண்டி இது. அங்கே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அது ஏன் கேபினுக்குள் இருக்கிறது என்றால், அந்த வடிவத்தின் சூட்சுமமே அதுதான். 1956 கடைசியில் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி இதை வெளியிட்டது. வரைந்தவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்கிற வடிவமைப்பாளர். ஜீப்பின் அதே 81 அங்குல சக்கர இடைவெளியில், மூக்கே இல்லாமல் ஆளை முன் அச்சு மேல் உட்கார வைத்துவிட்டு, மிச்ச இடம் முழுவதையும் சுமைக்கு விட்டார்கள். மகிந்திரா 1965 முதல் இங்கே செய்தது. குறுகலான வரப்புச் சாலைக்கு அருமையான வண்டி. சித்திரை வெயிலில் ஓட்டிப் பார்த்தால் இடது முழங்கால் அவியும், அது தனி. உங்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம்: கேபின் இன்னும் தனியாக இருக்கிறது. கேபினைத் தூக்கி வைத்த பிறகு எஞ்சினில் கை நுழைப்பது ஒரு தவம். அதனால் எஞ்சின் ஓடி, சூடேறி, ஒழுகாமல் நின்று, நீங்கள் திருப்தியாகும் வரை கேபினைத் தொடாதீர்கள். வீட்டில் எல்லோரும் 'மேலே வை, வண்டி மாதிரி இருக்கட்டும்' என்று சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கியர்பாக்ஸ், ஹவுசிங் இரண்டுக்கும் அடியில் இருக்கிற பிளக்கைத் திறந்து ஆயிலைக் கண்ணாடிக் கிளாஸில் பிடியுங்கள். மோர் மாதிரி வெளுத்து வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. புயலன்று கொட்டகை பிரிந்து கிடந்ததே, அத்தனை மழையும் மூச்சுக்குழல் வழியாக உள்ளே இறங்கியிருக்கலாம். பேரிங்கில் துரு விழுந்துவிட்டதா என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம். இது ஒரே பைப் வழி பிரேக். எங்கே ஒரு பொத்தல் விழுந்தாலும் நான்கு சக்கரமும் போச்சு. மாமா பிரேக் ஆயில் ஊற்றி வைத்திருந்தால் அது இந்த ஏழெட்டு வருடத்தில் நம் ஊர் ஈரத்தை எல்லாம் குடித்திருக்கும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஓஸ் எல்லாம் புது ரப்பர். யாரோ தெரியாமல் எஞ்சின் ஆயிலை அதில் விட்டிருந்தால் ரப்பர் இட்லி மாதிரி உப்பியிருக்கும், பார்த்ததும் தெரியும்.

ஒயரிங்கைப் பற்றி எழுதவில்லை நீங்கள். வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி ஒயர் எங்காவது கண்ணில் பட்டால் அப்படியே அறுத்து எறியுங்கள். ஆட்டத்தில் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும். இழை இழையாக இருக்கிற ஆட்டோ ஒயர்தான், அதுவும் ஒவ்வொரு வழிக்கும் பியூஸோடு.

கூரையைப் பட்டி வைத்து நிரப்பச் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். தட்டித் தூக்கத் தெரிந்த டிங்கர் இன்னும் இருக்கிறார்கள், வயதானவர்களாகத் தேடுங்கள். வேலை முடிந்ததும் ஒரு சின்னக் காந்தத்தைக் கூரை முழுக்க நகர்த்திப் பாருங்கள். எந்த இடத்தில் காந்தம் வழுக்குகிறதோ அங்கே பட்டி கெட்டியாக இருக்கிறது. கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை.

டின் எல்லாம் எண்ணி முடித்த பிறகு ஏதாவது சாமான் குறைந்தால், பழைய வண்டிச் சாமான் விற்கிற சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. அங்கேயும் கிடைக்காவிட்டால் சும்மா விடாதீர்கள். எனக்கு ஒருமுறை கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி ஒன்று எங்குமே கிடைக்கவில்லை. இருந்த ஒரு கைப்பிடியை எடுத்துக்கொண்டு நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கிறவரிடம் போனேன். காவிரி வண்டலில் அச்சு எடுத்துப் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார். நிக்கல் முலாம் போட்டதும் அச்சு அசல். என்ன, குமிழ் மட்டும் லேசாக விளக்கு உச்சி அன்னத்தின் ஜாடையில் வந்துவிட்டது. வண்டிக்காரருக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி. மாமா பேரில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அத்தை இருக்கும்போது வண்டி சட்டப்படி நேராக மருமகனுக்கு வராது. இறப்புச் சான்றிதழ், தாலுகா அலுவலக வாரிசுச் சான்றிதழ் இரண்டையும் வைத்து, படிவம் 31-இல் முதலில் அத்தை பேருக்கு மாற்ற வேண்டும். பிறகு அத்தை உங்களுக்குத் தருவதற்குப் படிவம் 29, 30. அத்தை பேருக்கு மாற்றுவது மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டியது, தாமதத்துக்கு அபராதம் இருக்கும். ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன்னால் இதை முடியுங்கள். பணம் போட்ட பிறகு சொந்தத்துக்குள் பேசுவது சங்கடம்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். போன ஆடியில் லீவில் வந்தவர் பழைய பிக்கப்பின் பெயிண்டை முழுக்கச் சுரண்டி வெறும் தகரமாக்கினார். லீவு முடிந்துவிட்டது, தையில் வந்து அடிக்கிறேன் என்று போய்விட்டார். இப்போதே மஞ்சளாகத் துரு பூக்கிறது. நான் ஒரு டப்பா ரெட் ஆக்ஸைடு வாங்கி அடித்து வைக்கட்டுமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, வேண்டாம். ரெட் ஆக்ஸைடு பார்க்க மூடின மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீரை உள்ளே விடும். ஐப்பசி கார்த்திகை மழை முடிந்து தையில் உங்கள் வீட்டுக்காரர் சுரண்டினால் அடியில் துரு வளர்ந்திருக்கும். அவர் உங்களைச் சொல்வார், அது எதற்கு?

பெயிண்ட் கடையில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி கேளுங்கள். கையுறை போட்டுக்கொண்டு மஞ்சள் பூத்த இடத்தில் தடவி, டப்பாவில் போட்டிருக்கிறபடி துடைத்துக் காயவிடுங்கள். பிறகு இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற எபாக்ஸி பிரைமர். அதுதான் ஈரத்தைத் தடுக்கும். வெயில் நன்றாக அடிக்கிற நாளில் பத்து மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். துடைத்த தகரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் ஐந்து விரலும் அப்படியே துருவாக எழும்பும்.

அவரிடம் ஒன்று சொல்லுங்கள். தையில் லீவு என்றால் தையில் பெயிண்ட் என்று அர்த்தமில்லை. மன்னார்குடியில் தை மாசி என்றால் சம்பா அறுப்பு. நாலாபக்கமும் அறுப்பு மெஷின் ஓடும், காற்று முழுக்க நெல் சுணை. ஈரப் பெயிண்டில் அது ஒட்டினால் வண்டிக்கு மயிர்க்கூச்செறிந்த மாதிரி இருக்கும். எங்கள் பட்டறையில் தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டும் தப்பவில்லை. பங்குனி நடுவுக்கு மேல்தான் நான் பெயிண்ட் கன்னைக் கையில் எடுப்பேன். மழைக்காலத்தில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

சுரண்டுவதற்கு முன் பழைய நிறம் என்னவென்று பார்த்து வைத்தாரா? இல்லையென்றால் டாஷ்போர்டுக்குப் பின்னால் பாருங்கள், அங்கே யாரும் சுரண்டியிருக்க மாட்டார்கள். ஒரு நாலணா அளவுக்குத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால் ஒவ்வொரு காலத்து நிறமும் வளையம் வளையமாகத் தெரியும். நடு வளையம்தான் பிறந்த நிறம். படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள், அங்கே அவருக்குத் தூக்கம் வராது.

கேள்வி: பாதி முடிந்த ஒரு பழைய எப்.சி. பிக்கப்பை விலைக்கு வாங்கினேன். முந்தைய சொந்தக்காரர் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சின் வைப்பதற்காக மவுண்டிங்கை வெட்டிவிட்டிருக்கிறார். அதையே தொடரலாமா? 50 வயதான வண்டி என்பதால் வின்டேஜ் நம்பரும் வாங்க ஆசை.
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: இரண்டு ஆசையும் ஒரே வண்டியில் நடக்காது. வின்டேஜ் விதி 2021 ஜூலையில் வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இல்லாமல் பிறந்த மேனியாக இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து வரும். டீசல் எஞ்சின் உள்ளே போன அன்றே அது கனவு.

எஞ்சினை மாற்றாவிட்டாலும் ஆர்.சி.யில் வண்டியின் வகை என்ன என்று பாருங்கள். விதி பேசுவது இருசக்கர வண்டியையும், எம்1 என்கிற ஆள் ஏற்றும் நாலு சக்கர வண்டியையும். பிக்கப் பெரும்பாலும் சரக்கு வண்டி என்று பதிவாகியிருக்கும். அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொண்டு செலவு செய்யுங்கள். கிடைத்தாலும் அந்த நம்பரில் கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம், ரிப்பேருக்குப் போகலாம். தினம் உர மூட்டை ஏற்ற முடியாது.

சரி, மூட்டை ஏற்றத்தான் வண்டி என்றால் மேட்டடார் எஞ்சின் கெட்ட எஞ்சின் இல்லை. எங்கள் பக்கம் அதைப் போட்டு ஓடின ஜீப்புகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். பின் ஹவுசிங்கின் பல் கணக்கையும் பாருங்கள். அந்தக் காலத்து எப்.சி.யில் 5.38-க்கு ஒன்று, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாப்ட் 5.38 சுற்று. டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கே எஞ்சின் நிமிடத்துக்கு 2,300, 2,400 சுற்று ஓடும். கேபினுக்குள் டீசல் எஞ்சின் அந்தச் சுற்றில் ஓடினால் பக்கத்தில் இருப்பவரிடம் கையசைத்துத்தான் பேச வேண்டும். என் காசாக இருந்தால் வெட்டின மவுண்டிங்கை வெல்டிங் வைத்துப் பழைய பெட்ரோல் எஞ்சினையே தேடுவேன். முந்தையவர் கழற்றின எஞ்சின் எங்கே போனது என்று அவரிடம் கேட்டீர்களா? எடைக்குப் போட்டிருக்க மாட்டார். மாட்டுக் கொட்டகையில் சாக்கு மூடிக் கிடக்கும்.

கேள்வி: வேறொருவர் பாதியில் விட்ட வில்லிஸ் ஜீப் பிக்கப். வலது பக்கச் சக்கரம் சுலபமாகக் கழன்றது. இடது பக்கம் நான்கு அடி பைப் மாட்டி ஏறி நின்றும் நட்டு அசையவில்லை. மூன்று ஸ்டட் முறிந்துவிட்டது. துருவா?
— வாசகர், பாபநாசம்

பதில்: துரு இல்லை. ஏறி நிற்பதற்கு முன்னால் எழுதியிருக்கக் கூடாதா? பழைய வில்லிஸ் வழி வண்டிகளில் இடது பக்கச் சக்கரத்துக்கு இடப்புரி மரை. நீங்கள் கழற்றுவதாக நினைத்து இவ்வளவு நேரமும் முறுக்கிக்கொண்டிருந்தீர்கள். மிச்சமிருக்கிற ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஆங்கில 'எல்' எழுத்து பொறித்திருக்கும். அதை வலது பக்கமாகத் திருப்பினால் கழலும். முறிந்த மூன்றையும் டிரம்மோடு கழற்றி லேத்துக்குக் கொண்டு போங்கள். புது ஸ்டட் வாங்கும்போது இடப்புரி என்று சொல்லியே கேளுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் வலப்புரியைக் கட்டிக் கொடுத்துவிடுவார், ஒரே சக்கரத்தில் இரண்டும் கலந்து நிற்கும்.